நிறமேறிய வெள்ளி ரூபாயின் தரத்தைக் கணிப்பது எப்படி?

மதுரையில் பழைய காசு சேர்க்கத் தொடங்குகிறவரின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயாகத்தான் இருக்கும். தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடை ஒன்றில் பழைய வெள்ளியோடு சேர்ந்து வந்ததாக இருக்கலாம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து வீடொன்றில் டிரங்குப் பெட்டிக்குள் துணியில் முடிந்து வைத்திருந்ததாக இருக்கலாம். எப்படி வந்தாலும் அது பளிச்சென்ற வெள்ளி நிறத்தில் வருவது அரிது. ஓரம் நீலமும் நடு பொன்மஞ்சளுமாகவோ, முழுவதும் சாம்பல் படிந்தோ, எழுத்தே தெரியாத அளவுக்குக் கறுத்தோ வரும். சேகரிப்பாளர்கள் இந்த நிறமேற்றத்தை டோனிங் என்கிறார்கள். அந்த நிறத்துக்கு அடியில் இருக்கும் நாணயத்தின் உண்மையான நிலையைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கான வழிகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. நாணயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் மேல் உள்ள நிறம் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பார்க்கிறவர், வானவில் நிறத்தைக் கண்டு மயங்கித் தேய்ந்த காசுக்குப் புதுக்காசின் விலையைக் கொடுத்துவிடுவார். அல்லது கறுத்துக் கிடக்கிறதே என்று நல்ல காசைப் பழைய வெள்ளியோடு எடைக்குப் போட்டுவிடுவார். முதலில் தேய்மானம், பிறகு நிறம், கடைசியில்தான் விலை.

கணித்து முடிக்கும் வரை நாணயத்தைத் துடைக்கவும் கூடாது, கழுவவும் கூடாது. “கழுவிப் பாருங்கண்ணே, பளபளன்னு வரும்” என்று விற்பவரே சொன்னாலும் கேட்க வேண்டாம். நம் வீடுகளில் வெள்ளி விளக்கையும் குங்குமச் சிமிழையும் விபூதி அல்லது பற்பொடி போட்டுத் தேய்ப்பது வழக்கம். பாத்திரத்துக்கு அது பொருந்தும். நாணயத்துக்கு அது திரும்பப் பெற முடியாத சேதம். கறுப்பு நிறம் மேலே வந்து ஒட்டிய அழுக்கு அன்று. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து உண்டான வெள்ளி சல்பைடு படலம் அது. அந்தப் படலத்தின் ஒரு பகுதியே நாணயத்தின் மேல்தோலாக இருந்த வெள்ளிதான். ஆகவே நிறத்தை நீக்கும் ஒவ்வொரு முறையும் நாணயத்தின் தோலும் கொஞ்சம் போகிறது.

கருவிகளும் முதல் சோதனையும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு ஒன்று, தனியாக எரியும் ஒற்றை விளக்கு ஒன்று, மேசையில் விரிக்க மடித்த துண்டு ஒன்று இருந்தால் போதும். நாணயத்தை எப்போதும் விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். விரல் ரேகை படிந்தால் சில மாதங்களில் அதுவே பழுப்பு நிறமாகப் பதிந்துவிடும், பிறகு போகாது. மதுரையின் வெயில் காலத்தில் கை எந்நேரமும் வியர்க்கும் என்பதால் கையை உலர்த்திக்கொண்டு தொடுவது இங்கே கூடுதல் அவசியம்.

தரம் பார்க்கும் முன் நாணயம் உண்மையானதா என்று பார்த்துவிட வேண்டும், ஏனெனில் போலியைக் கறுக்கவைத்துப் பழமையாகக் காட்டுவது எளிது. விக்டோரியா முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரையிலான ரூபாய்க்கு 11.66 கிராம் எடை; பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 91.7 சதவீதம் வெள்ளி. நன்றாகத் தேய்ந்தது எடையில் சற்றுக் குறையும். கூடினால் சந்தேகிக்க வேண்டும். 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் எடை அதேதான், ஆனால் வெள்ளி 50 சதவீதம் மட்டுமே. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். இதனால் அந்தக் காசுகள் நிறமேறும் விதமும் வேறு. அவற்றில் விக்டோரியா ரூபாயின் தெளிந்த நீலத்தையும் பொன்னிறத்தையும் எதிர்பார்க்கக் கூடாது. மங்கலான பழுப்பும் சாம்பலுமே அதிகம் வரும். 1947 ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல். அதில் வெள்ளியே இல்லை, காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

எடை சரியாக இருந்தும் ஐயம் தீரவில்லை என்றால் நீரில் தொங்கவிட்டு எடை பார்க்கலாம். தராசின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை அடியில் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். 91.7 சதவீத வெள்ளி ரூபாயானால் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். பித்தளையோ செம்போ ஆனால் கூடுதலாகக் காட்டும். பிறகு நாணயத்தைத் தேய்க்காமல், மென்மையான பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து உலரவைக்க வேண்டும்.

மினுப்பைப் படித்தல்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பழக நேரம் எடுத்துக்கொள்ளத் தக்கதும் இதுவே. நாணயசாலையில் அச்சு அழுத்தும்போது உலோகம் விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வினால் தளத்தின் மேல் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்ணிய வரிகள் பதிகின்றன. ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்து மெல்லச் சுழற்றினால், அந்த வரிகளில் பட்ட ஒளி தேர்ச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மையத்தைச் சுற்றிச் சுழன்று ஓடும். இதுதான் அச்சு மினுப்பு. கைமாறிப் புழங்கும்போது முதலில் அழிவது இதுதான். ஒருமுறை அழிந்தால் எந்தப் பாலிஷும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

நிறப் படலம் மெல்லியதாக இருக்கும்வரை ஒளி அதை ஊடுருவும். ஆகவே இயற்கையாக நிறமேறிய நல்ல நாணயத்தில் மினுப்பு நிறத்தின் அடியிலிருந்து எழுந்து வரும். சுழற்றும்போது நிறமும் அதனோடு சேர்ந்து ஒளிரும். படலம் தடித்துக் கறுத்துவிட்டால் மினுப்பு மறைந்துவிடும். அப்படிப்பட்ட நாணயத்தில் கீழே மினுப்பு இருக்கிறதா, உலோகமே அரிக்கப்பட்டுவிட்டதா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததற்குப் புதுக்காசின் விலை கொடுக்க வேண்டாம் என்பது என் முடிவு.

கடைகளில் இதைச் சோதிப்பது கடினம். நகைக்கடை விளக்குகள் வெள்ளியும் தங்கமும் எல்லாப் பக்கமும் ஒளிரும்படி அமைக்கப்பட்டவை. பல திசைகளிலிருந்து வரும் அந்த வெளிச்சம் மினுப்பையும் கீறலையும் ஒருசேர மறைத்துவிடும். டியூப் லைட்டும் அப்படித்தான். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வாசற்பக்கம் வந்து, நேர் வெயிலில் அல்லாமல், ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விழும் இடத்தில் சாய்த்துப் பார்ப்பது நல்லது. கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் ஓரளவு தெரியும்.

தேய்மானம்: உயர்ந்த இடங்களை முதலில் பார்க்க வேண்டும்

நாணயம் புழங்கும்போது மேடான இடங்களே முதலில் உரசும். ஆகவே ஒவ்வொரு வகை ரூபாயிலும் எந்த இடம் மேடு என்று தெரிந்துகொள்ள வேண்டும். விக்டோரியா ரூபாயில் கன்னம், கிரீடத்துக்குக் கீழே உள்ள கூந்தல், மார்பு ஆடையின் பூவேலை ஆகியவை. ஏழாம் எட்வர்டின் ரூபாயில் கிரீடமில்லாத தலை என்பதால் காது, அதன் மேலுள்ள முடி, புருவம், தாடி ஆகியவை; பூப் பக்கத்தில் மேலே இருக்கும் கிரீடம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடப் பட்டையின் மணிகள், புருவம், காது, கன்னம், அங்கியின் மேல் தொங்கும் சங்கிலியில் உள்ள சிறிய யானை. 1911 ஆம் ஆண்டு ரூபாயில் இந்த யானையின் துதிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி என்று பேச்செழுந்து, 1912 முதல் திருத்தி அச்சிட்டார்கள். அந்த 1911 ரூபாய் இன்றும் தனி விலை பெறுகிறது. யானை தேய்ந்துபோன காசை 1911 ஆம் ஆண்டுக்குரியது என்று யாரும் விற்றுவிடாதபடி பூப் பக்கத்து ஆண்டெண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உலகெங்கும் வழங்கும் தர அளவு ஒன்று முதல் எழுபது வரை செல்கிறது. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949 ல் அந்நாட்டுப் பழைய செம்பு நாணயங்களுக்காக வகுத்த அளவு இது. பின்னர் எல்லா நாணயங்களுக்கும் விரிந்தது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை வைத்துச் சொன்னால், கிரீட மணிகள் ஒன்றோடொன்று கலந்து, யானை வெறும் புடைப்பாகத் தெரிந்தால் ஃபைன், அதாவது 12 முதல் 15 வரை. யானையின் வடிவம் தெரிந்து, மணிகள் பாதிக்கு மேல் பிரிந்து நின்றால் வெரி ஃபைன், 20 முதல் 35 வரை. எல்லா நுணுக்கமும் தெளிவாக இருந்து, மேடுகளின் உச்சி மட்டும் தட்டையாகி, எழுத்துகளின் இடுக்கில் கொஞ்சம் மினுப்பு எஞ்சியிருந்தால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், 40 முதல் 45 வரை. நம் கடைக்காரர்கள் இதை எக்ஸ்எஃப் என்பார்கள். கன்னத்திலும் காதிலும் மெல்லிய உரசல் மட்டும் இருந்து தளம் முழுவதும் மினுப்போடு இருந்தால் அபவுட் அன்சர்க்குலேட்டட், சுருக்கமாக ஏயூ, 50 முதல் 58 வரை. உரசலே இல்லாததுதான் அன்சர்க்குலேட்டட், அதாவது புழங்காத காசு; அது 60 ல் தொடங்குகிறது. அதற்கு மேல் தேய்மானத்தைப் பற்றிய பேச்சு இல்லை. மூட்டையில் காசோடு காசு மோதிய தழும்புகள் எத்தனை, அவை கன்னம், முகத்துக்கு முன்னுள்ள வெற்றுத் தளம் போன்ற கண்ணில் படும் இடத்தில் உள்ளனவா, மினுப்பு எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பவையே எண்ணைத் தீர்மானிக்கும். கடையில் அன்சர்க்குலேட்டட் என்று சொல்லி நீட்டப்படும் ரூபாயை ஏயூ என்று எடுத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குவது பாதுகாப்பானது.

தேய்மானமா, அச்சு சரியாக அழுந்தாததா என்ற கேள்வி அடிக்கடி எழும். யானை மழுங்கியிருக்கும், ஆனால் சுற்றியுள்ள தளத்தில் மினுப்பு தடையின்றி ஓடும். மழுங்கிய இடத்தின் மேலும் அதே மினுப்பும் அதே நிறமும் தொடரும். அப்படியானால் அது அச்சின் குறை. தேய்ந்த இடமோ லூப்பில் பார்க்கும்போது வழவழவென்று தட்டையாக, பக்கத்து நிறத்திலிருந்து வேறுபட்டு, பெரும்பாலும் மங்கிய சாம்பலாக இருக்கும். இங்கே நிறமேற்றம் நமக்கு உதவியே செய்கிறது. புழங்கித் தேய்ந்த பின் நிறமேறியிருந்தால், உரசிய தோலும் உரசாத தோலும் கந்தகத்தை ஒரே மாதிரி ஏற்பதில்லை என்பதால் தேய்மானம் தனி நிறத்தில் வரைந்து காட்டப்பட்டிருக்கும். நிறமேறிய பின் உரசியிருந்தால், சுற்றிலும் நிறம் இருக்க மேடுகள் மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

நிறம் இயற்கையா, ஏற்றியதா

சல்பைடு படலத்தின் மேற்பரப்பிலும் அடியிலுள்ள உலோகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதால்தான் இந்த நிறங்கள் தோன்றுகின்றன. சாயம் எதுவும் இல்லை. படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஒரு வரிசையில் மாறும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, பிறகு செவ்வூதா, நீலம், வெளிர்நீலம், இன்னும் தடித்தால் மீண்டும் மஞ்சள், கருஞ்சிவப்பு, பச்சை, முடிவில் அடர்ந்த சாம்பலும் கறுப்பும். இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது, ஏனெனில் இயற்கை இதைத் தாண்டிக் குதிப்பதில்லை. விளிம்பில் நீலமும் நடுவில் வெள்ளியும் இருந்தால், இடையில் செவ்வூதாவும் மஞ்சளும் மெல்லிய பட்டையாகவேனும் வந்தே ஆக வேண்டும். வெற்று வெள்ளிக்குப் பக்கத்திலேயே கூர்மையான எல்லையோடு நீலத் திட்டு நின்றால் கையை இழுத்துக்கொள்ளலாம்.

1918 ஆம் ஆண்டின் ரூபாய் ஒன்றைக் கையில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் உலகப் போரின்போது கோடிக்கணக்கில் அச்சான ஆண்டு அது; வெள்ளித் தட்டுப்பாட்டைத் தீர்க்க அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களையே உருக்கி இந்தியாவுக்கு அனுப்பியது. ஆகவே ஆண்டில் அருமை இல்லை, நிலையில்தான் அருமை. தலைப் பக்கத்தில் விளிம்பை ஒட்டி ஒரு நீல வளையம். அதற்கு உள்ளே செவ்வூதா. அதற்கும் உள்ளே மன்னரின் முகத்தைச் சுற்றிப் பொன்மஞ்சள். லூப்பில் பார்த்தால் எழுத்துகளைச் சுற்றி நூலளவு நிறம் குறைந்த ஓரம் தெரிகிறது. எழுத்தின் ஓரத்தில் உலோகம் நகர்ந்த விதம் வேறு என்பதால் அங்கே படலம் பின்தங்கியிருக்கிறது. இந்த ஓரத்தைப் போலியாக உண்டாக்குவது கடினம். காலம் எடுத்துக்கொண்டு ஏறிய நிறத்தின் நல்ல அடையாளம் இது. கன்னத்தில் மட்டும் பொன்மஞ்சள் அறுபட்டு அரிசியளவு சாம்பல் திட்டு இருக்கிறது. சாய்த்தால் மினுப்பு அங்கே வந்து நின்றுவிடுகிறது. நிறம் எவ்வளவு அழகாயிருந்தாலும் இந்த நாணயம் ஏயூதான், 60 ஆகாது.

சூடு காட்டியோ கந்தக மருந்தில் நனைத்தோ ஏற்றிய நிறத்துக்கு வேறு அடையாளங்கள் உண்டு. மேடு பள்ளம் என்ற வேறுபாடில்லாமல் நிறம் ஒரே சீராகப் பரவியிருக்கும். உலோகத்தோடு சேராமல் மேலே மிதப்பதாகத் தோன்றும். வெரி ஃபைன் அளவுக்குத் தேய்ந்து மினுப்பே இல்லாத காசில் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் மயில் நீலமும் இருக்கும். புழங்கிய காசில் இயல்பாக வருவது சாம்பலும் பழுப்பும்தான். முகர்ந்து பார்த்தால் கந்தக நெடி வீசுவதும் உண்டு. எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம், கீறல்களின் மேல் நிறம் ஓடியிருக்கும் விதம். துடைத்த கோடுகள் கீழே தெரிய, அவற்றின் மேல் புத்தம் புதிய வானவில் படர்ந்திருந்தால், முதலில் கெடுத்துவிட்டுப் பிறகு மறைத்திருக்கிறார்கள்.

தேய்த்துக் கழுவிய காசு

நம் ஊரில் நிறத்தை ஏற்றிய காசைவிட நிறத்தை எடுத்த காசே அதிகம் கிடைக்கும். தளத்தில் ஒரே திசையில் இணையாக ஓடும் மயிரிழைக் கோடுகள், எழுத்திடுக்கில் மட்டும் கறுப்பு எஞ்சியிருக்கத் தளம் வெளுத்திருப்பது, சுழற்றினாலும் நகராத தட்டையான பளபளப்பு ஆகிய மூன்றும் துடைத்ததைக் காட்டும். பல ஆண்டு புழங்கித் தேய்ந்த காசு வெள்ளை வெளேரென்று இருக்க வழியில்லை. கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கி எடுத்ததில் கோடு இருக்காது. ஆனால் மினுப்பு செத்துச் சுண்ணாம்பு வெளுப்பாக இருக்கும். நாணயங்களைத் தரம் பிரித்து உறையிட்டுத் தரும் என்ஜிசி, பிசிஜிஎஸ் ஆகிய நிறுவனங்கள் இத்தகைய காசுகளுக்கு எண் தராமல் டீடெயில்ஸ் என்று மட்டும் குறித்துவிடும். விலையும் அதற்கேற்ப இறங்கும்.

பூஜையில் வைத்த காசுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். லட்சுமி படத்தின் முன் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்ட ரூபாய்கள் ஏராளம். எழுத்திடுக்கில் அடைத்திருக்கும் அந்தச் சிவப்பும் மஞ்சளும் மேலே படிந்தவை; டோனிங்கோடு சேராது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் தேய்க்காமலே பெரும்பாலும் இளகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கையும், பிவிசி என்னும் மலிவான பிளாஸ்டிக் உறையிலிருந்து படியும் ஒட்டும் பச்சைப் பிசினையும் தூய அசிட்டோன் கரைக்கும். சல்பைடு நிறத்தை அது தொடாது. சன்னலைத் திறந்து, விளக்கு, அடுப்பு இல்லாத இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவைத்து எடுக்க வேண்டும். வெள்ளிக் காசுக்கு நான் அனுமதிக்கும் கழுவல் இவ்வளவுதான்.

வளையம் ஒட்டி மாலையில் கோத்து, பிறகு அறுத்தெடுத்த தழும்பு விளிம்பில் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்க்க வேண்டும். பற்றவைத்த இடத்தில் சுட்ட நீலமோ கறுப்போ ஒரு திட்டாக இருக்கும், அதை டோனிங் என்று விற்பார்கள். சராப்புகள், அதாவது பணம் மாற்றும் வணிகர்கள், வெள்ளியைச் சோதிக்கக் குத்திய சிறு முத்திரைகள் நிறத்துக்கு அடியில் மறைந்திருப்பதும் உண்டு. மண்ணில் கிடந்து எடுத்த காசில் மெழுகு போன்ற சாம்பல் பொருக்கு இருக்கும். உப்பு மண்ணில் உண்டாகும் வெள்ளி குளோரைடு அது, உலோகத்தைத் தின்றே வளர்கிறது. அத்தகைய காசை வாங்கும் முன் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும்.

எண்ணை முடிவு செய்தலும் பாதுகாத்தலும்

தேய்மானத்தால் ஓர் எண்ணை முடிவு செய்துகொண்ட பிறகுதான் நிறத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். தெளிந்து, இரு பக்கமும் பொருந்தி, மினுப்பைத் தடுக்காத இயற்கை நிறம் அன்சர்க்குலேட்டட் நாணயத்தின் மதிப்பைக் கூட்டும். என்ஜிசி அப்படிப்பட்ட சிலவற்றுக்கு ஒரு நட்சத்திரக் குறியும் தருகிறது. திட்டுத் திட்டான பழுப்பு, கருத்த புள்ளிகள், முகத்தின் மேல் விழுந்த கறை ஆகியவை எண் குறையாவிட்டாலும் விலையைக் குறைக்கும். எந்த நிறமும் ஏயூவை 63 ஆக்கிவிடாது. நாணயத்தை வெளிநாட்டுக்கு அனுப்பித் தரம் பெற நினைப்பவர் கவனிக்க வேண்டியது, நூறாண்டு கடந்த நாணயம் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை.

கணித்த பின் தேதி, எடை, எண், நிறத்தின் நிலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் பேண்டு, செய்தித்தாள், சாதாரண அட்டை, பிவிசி உறை நான்கும் நாணயத்துக்கு ஆகாதவை. மைலார் என்னும் பாலியெஸ்டர் படல உறையோ கடினமான பிளாஸ்டிக் கூடோ நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறும்போது நிறமேற்றம் வேகமெடுக்கும். ஆகவே புரட்டாசியிலேயே பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்களை மாற்றிவிட்டு, மழை ஓய்ந்ததும் ஒவ்வொரு நாணயத்தையும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சளாக இருந்த இடம் செம்பழுப்பாகியிருந்தால் உறையையும் பெட்டி இருக்கும் இடத்தையும் உடனே மாற்ற வேண்டும்.